தெளிவான வானம்தான், ரேடியோவும் வேலை செய்தது. பிறகு ஏன் அந்த விமானம் கண்ணில் படவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். இறக்கை மேலே இருக்கும் சின்ன பயிற்சி விமானம். இடது இருக்கையில் நீங்கள், வலது இருக்கையில் பயிற்றுநர். கட்டுப்பாட்டு டவர் இல்லாத விமான நிலையம், பளிச்சென்ற பகல். இடது சர்க்யூட்டில், அதாவது இடது பக்கமாகவே திரும்பி ஓடுபாதையைச் சுற்றும் செவ்வகப் பாதையில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் டவுன்விண்ட் முடித்து, குறுக்கே போகும் பேஸில் பறந்து, ஓடுபாதைக்கு நேராக இறங்கும் ஃபைனலுக்குத் திரும்பப் போகும் நேரம். பயிற்றுநர் திடீரென்று கண்ட்ரோலை வாங்கி, வலது பக்கம் சாய்த்து மேலே ஏற்றினார். விமானம் நிமிர்ந்தபோது உங்கள் இடது ஜன்னலில், கீழே, ஒரு வெள்ளை விமானம் ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது சர்க்யூட்டைச் சுற்றாமல் நேராக ஃபைனலில் வந்த விமானம். "நான் பார்க்கவே இல்லை, என் கண்ணில் கோளாறா? தப்பு யார் மேல்? இதெல்லாம் சகஜம், விடு என்கிறார்களே, விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடம் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் விட்டுவிடக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மோதப் போகிற விமானம் கண்ணாடியில் நகராது. இதைத்தான் முதலில் மனதில் பதிய வைக்க வேண்டும். இரண்டு விமானங்கள் நேர்கோட்டில், மாறாத வேகத்தில், ஒரே புள்ளிக்கு ஒரே நேரத்தில் போய்ச் சேரப் போகின்றன என்று வையுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து பார்த்தால் மற்றது முன் கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும், பூச்சி அடித்த கறை மாதிரி. கப்பல் ஓட்டுபவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும்: எதிர்க் கப்பல் தெரியும் திசை மாறாமல், தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம். நம் கண்ணின் ஓரப் பார்வையோ அசைவைத்தான் பிடிக்கும். கண்ணாடியில் குறுக்கே ஓடுகிற விமானத்தை உடனே பார்த்துவிடுவோம். அது பெரும்பாலும் நம்மை விட்டு விலகிப் போகிறது. நிற்கிற புள்ளிதான் ஆபத்து, அதுதான் கண்ணில் விழாது. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் புள்ளி மறைந்துவிட்டால் இன்னும் மோசம். நகராத புள்ளி கடைசி வரைக்கும் அங்கேயே மறைந்திருக்கும். அதனால்தான் பயிற்றுநர்கள் "தலையை அசைத்துப் பார், முன்னால் குனிந்து பார்" என்று நச்சரிக்கிறோம்.

அடுத்தது அளவு. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர். இரண்டு விமானங்கள் ஆளுக்கு 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல், சுமார் 185 கி.மீ.) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், நடுவில் உள்ள தூரம் நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் கரைகிறது. 1,300 மீட்டர் தள்ளி இருக்கும்போது எதிர் விமானத்தின் இறக்கை முழு நிலவின் அகலத்துக்குத் தெரியும். ஆனால் நிலவு மாதிரி ஒளிரும் வட்டமாக இல்லை. நடுவில் ஒரு புள்ளி வைத்த மெல்லிய கோடு, அவ்வளவுதான். மோதலுக்கு அப்போது பன்னிரண்டு நொடிகளுக்குச் சற்று அதிகமாகத்தான் மிச்சம். ஆறு நொடி இருக்கையில் நிலவைப் போல் இரண்டு மடங்கு, மூன்று நொடியில் நான்கு மடங்கு, ஒன்றரை நொடியில் எட்டு மடங்கு. வெகுநேரம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்துவிட்டு, கடைசி நொடிகளில் குபீரென்று கண்ணாடி முழுக்க விரியும். "எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை" என்று தப்பித்தவர்கள் சொல்வது பொய் இல்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆலோசனைச் சுற்றறிக்கை ஒன்றில் ஒரு கணக்கு உண்டு. ஏதோ ஒன்று கண்ணில் பட 0.1 நொடி, அது விமானம் என்று புரிய 1 நொடி, மோதும் பாதையில் இருக்கிறது என்று உணர 5 நொடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி, கை அசைய 0.4 நொடி, விமானம் திரும்ப 2 நொடி. கூட்டினால் 12.5 நொடி. அதிலும் ஐந்தும் நான்குமாக ஒன்பது நொடி மூளைக்குள்தான் செலவாகிறது.

இதோடு பார்வையிடும் முறையைச் சேர்த்துப் பாருங்கள். கண் ஓடிக்கொண்டே இருந்தால் எதையும் கூர்மையாகப் பார்க்காது. அதனால் வானத்தைப் பத்துப் பத்து பாகையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு நொடி நிறுத்திப் பார்க்கச் சொல்லித் தருகிறோம். ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை 180 பாகை. பதினெட்டு நொடி ஆகிறது. வேண்டியதோ பன்னிரண்டரை. அதாவது ஒழுங்காக, விதிப்படி, ஒரு சுற்று பார்த்து முடிப்பதற்குள்ளேயே எதிரே வருபவர் உங்களை வந்தடைந்துவிடலாம். நடுவில் வேகமானியை ஒருமுறை பார்த்திருப்பீர்கள், ஃபிளாப் இறக்கியிருப்பீர்கள். இன்னொன்றும் உண்டு. வெறும் நீல வானத்தைப் பார்க்கும்போது கவ்விக்கொள்ளக் கண்ணுக்கு ஒரு பொருளும் கிடைக்காது. அப்போது அது தானாகவே ஓரிரு மீட்டர் தூரத்துக்குக் குவிந்து நின்றுவிடும். தொலைவில் இருக்கும் விமானம் அப்போது மங்கிப்போகும். அடிக்கடி தூரத்து மலையையோ மேகத்தின் விளிம்பையோ பார்த்துக் கண்ணைத் திருப்பிக் குவிக்கச் சொல்வது இதனால்தான்.

சரி, இப்போது உங்கள் பேஸுக்கு வருவோம். இடது சர்க்யூட்டில் பேஸில் பறக்கும்போது ஓடுபாதை உங்களுக்கு இடது பக்கம். மாணவரின் கண், மனசு, எல்லாம் அங்கேதான் இருக்கும். உயரம் அதிகமா, குறைவா, எப்போது திரும்பலாம், காற்று தள்ளுகிறதா? ஆனால் நேராக ஃபைனலில் வருபவர் வலது பக்கத்திலிருந்துதான் வருவார். முதுகைக் காட்டாத குறையாக அந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம். உங்கள் பயிற்றுநர் வலது இருக்கையில் இருந்தார், அந்த ஜன்னல் அவர் பக்கம், அவர் பார்த்தார். அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாகப் பறக்கப் போகும் நாளில் அந்த இருக்கை காலியாக இருக்கும்.

அவர் வலது பக்கம் திருப்பியதும் சரியான முடிவு. குறுக்கே இடது பக்கமாகப் போகிறவரின் வால் பக்கம் போய்விட்டால் பாதைகள் பிரிந்துவிடும். பயத்தில் இடது பக்கம் திருப்பியிருந்தால் இருவரும் அருகருகே ஒரே திசையில், ஒரே ஓடுபாதையை நோக்கி, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போயிருப்பீர்கள்.

விமானங்கள் நடுவானில் மோதிக்கொள்வது என்றால் மேகம், மழை, இருட்டு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். நிஜம் தலைகீழ். சின்ன விமானங்களின் மோதல்களில் பெரும்பாலானவை நல்ல பகலில், நல்ல வானிலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கின்றன. நல்ல நாளில்தான் எல்லோரும் பறக்க வருகிறார்கள். அவ்வளவு பெரிய வானத்தில் எல்லோரும் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அந்த ஒரு ஓடுபாதையின் முனைதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் டவர் இல்லாத விமான நிலையம்தான். நானும் ஒரு மாணவியும் டவுன்விண்டில், ஆயிரம் அடியில். அவர் இறங்குவதற்கு முந்தைய சோதனைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வலது ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். உழுது போட்ட வயலில் எங்கள் விமானத்தின் நிழல் ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்குக் காட்ட எனக்குப் பிடித்த காட்சி அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு நிழல். எங்கள் நிழலைவிடக் கொஞ்சம் மங்கலாக, பின்பக்கத்திலிருந்து மெல்ல எங்கள் நிழலின் வாலை நோக்கி நகர்ந்து வந்தது. பறவையின் நிழல் அந்த அளவுக்கு இருக்காது. மேலே பார்த்தேன், எங்கள் இறக்கைதான் தெரிந்தது. அந்த இறக்கைக்கு மேலே ஒரு விமானம் இருக்கிறது என்பதற்கு வயலில் ஓடிய அந்தக் கறுப்பு மட்டும்தான் சாட்சி.

கண்ட்ரோலை வாங்கி, மூக்கைத் தாழ்த்தி, ஓடுபாதையிலிருந்து விலகி வெளிப்பக்கமாகத் திருப்பினேன். திரும்பிய பிறகுதான் பார்த்தேன். இறக்கை கீழே உள்ள விமானம், எங்கள் உயரத்துக்கு நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் என்று சொல்லத் தெரியவில்லை. சக்கரத்தின் ரப்பர் தேய்மானம் தெரிந்தது.

மேலே இருப்பவருக்குத் தன் இறக்கை கீழே உள்ளதை மறைக்கிறது, கீழே இருப்பவருக்குத் தன் இறக்கை மேலே உள்ளதை மறைக்கிறது. இந்த ஜோடி ஒன்றின் மேல் ஒன்றாக வந்துவிட்டால் இரண்டு பேரும் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயன் இல்லை. டவுன்விண்டிலும் நடக்கும், ஃபைனலில் இன்னும் அதிகம் நடக்கும். அதனால்தான் சர்க்யூட்டுக்குள் மேலிருந்து இறங்கி நுழையாதீர்கள், வெளியிலேயே சர்க்யூட் உயரத்துக்கு வந்துவிட்டு அப்புறம் நுழையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

ஆக, "பார்த்து விலகு" என்பது கடைசி வலை. அதற்கு முன்னால் இரண்டு வலைகள் இருக்க வேண்டும். ஒன்று, எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் எதிர்பார்க்கும் உயரத்தில் இருப்பது. சர்க்யூட் என்ற செவ்வகம் எதற்காக? நான் உங்களைப் பார்க்காவிட்டாலும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டாவது, பேச்சு. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் தேடும் திறன் எட்டு மடங்கு கூடுகிறது என்ற சோதனை முடிவை, பார்த்து விலகும் முறையின் குறைகளைப் பற்றி 1991-ல் ஆஸ்திரேலியப் புலனாய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை எடுத்துச் சொல்கிறது. நான் தெரிந்துகொண்டதில் மிக உபயோகமான எண் இதுதான். நீங்கள் ரேடியோவில் சொல்லும் ஒரு வரி, மற்றவரின் கண்ணை எட்டு மடங்கு கூர்மையாக்குகிறது.

ஆனால் பேச்சிலும் ஓட்டை உண்டு. "ஐந்து மைல் ஃபைனல்" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? 70 நாட்டில் வருபவருக்கு நாலேகால் நிமிடம் இருக்கிறது. 180 நாட்டில் வருபவருக்கு ஒரு நிமிடம் நாற்பது நொடி. ஒரே வார்த்தைதான், கேட்கும் மாணவர் தன் வேகத்தை வைத்துத்தான் மனக்கணக்குப் போடுவார். "நேரம் இருக்கிறது, முன்னால் இறங்கிவிடலாம்" என்று பேஸுக்குத் திரும்பிவிடுவார்.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் விமான நிலையத்தில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அங்கேயும் டவர் கிடையாது. செஸ்னா 152 ஒன்று சர்க்யூட்டில் இருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று நேராக ஃபைனலுக்கு, சுமார் 180 நாட் வேகத்தில் வந்தது. இருவரும் ஒரே அலைவரிசையில் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். பின்னால் வருபவர் மிக வேகமாக வருகிறார் என்று உணர்ந்த 152-ன் விமானி, இறங்காமல் மேலே போகிறேன் என்று அறிவித்தார். அடுத்த சில நொடிகளில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். ரேடியோ வேலை செய்தது, வானிலை நன்றாக இருந்தது, அறிவிப்பும் கொடுத்தார்கள். வேகம் மட்டும் யாருடைய கணக்கிலும் சரியாக உட்காரவில்லை. அதனால் என் மாணவர்களுக்கு, தூரத்தோடு நிமிடத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக்குகிறேன். "ஐந்து மைல், இரண்டு நிமிடம்." இரண்டு வார்த்தைதான் கூடுகிறது.

டவர் இருந்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியாகோவில் பிஎஸ்ஏ என்ற விமான நிறுவனத்தின் போயிங் 727 பயணிகள் விமானம் ஒன்று செஸ்னா 172 மீது மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். செஸ்னா இருப்பதை 727-ன் விமானிகளுக்குக் கட்டுப்பாட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள், அவர்களும் பார்த்துவிட்டதாகப் பதில் சொன்னார்கள். அப்புறம் அது பார்வையிலிருந்து போய்விட்டது. கடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பார்த்ததைத் தொலைத்துவிட்டால் "தொலைத்துவிட்டேன்" என்று உடனே சொல்ல வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பதற்கு இந்த விபத்து ஒரு காரணம்.

கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 பயணிகள் விமானமும் சின்ன பைப்பர் விமானமும் மோதி 82 பேர் இறந்த பிறகுதான் பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியைக் கட்டாயமாக்கும் வேலை வேகம் பிடித்தது. சின்ன விமானங்களில் அது பெரும்பாலும் கிடையாது. இப்போது பல விமானங்கள் தங்கள் இடத்தைத் தாங்களே ஒலிபரப்புகின்றன. நீங்கள் அதை டேப்லெட்டில் பார்க்கலாம். நல்ல உதவி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒலிபரப்பாத பழைய விமானமோ கிளைடரோ அந்தத் திரையில் தெரியாது. சர்க்யூட்டுக்குள் வந்த பிறகும் திரையைக் குனிந்து பார்ப்பவர் வெளியே பார்க்க வேண்டிய நொடிகளைத்தான் செலவழிக்கிறார். நுழைவதற்கு முன் திரை, நுழைந்த பிறகு ஜன்னல். நான் அப்படித்தான் பறக்கிறேன்.

தப்பு யார் மேல்? சர்வதேச விதி என்ன சொல்கிறது என்றால், இறங்கிக்கொண்டிருப்பவருக்கும் ஃபைனலின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கும் மற்றவர்கள் வழிவிட வேண்டும். இருவருமே இறங்க வருகிறார்கள் என்றால் தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை. ஆனால் அந்த உரிமையைச் சாக்காக வைத்து, ஃபைனலின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் இன்னொருவருக்கு முன்னால் குறுக்கே புகுவதோ முந்துவதோ கூடாது. உங்கள் விஷயத்தில் ஃபைனலில் இருந்தவர் அவர், தாழ்வாகவும் இருந்தார். விதிப்படி வழிவிட வேண்டியது நீங்கள்தான். அதே நேரத்தில் சர்க்யூட்டில் ஆள் இருக்கும்போது நேராக ஃபைனலுக்கு வருபவர் நன்றாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் சொன்னாரா, நீங்கள் பேசும் அதே நொடியில் அவரும் பேசி இரண்டு குரலும் ஒரு கீச்சொலியில் அமுங்கிப்போனதா, அவர் வேறு அலைவரிசையில் இருந்தாரா? இது தெரியாமல் தப்பை யார் தலையிலும் கட்ட நான் தயாராக இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி எழுதிக் கொடுப்பதுதான்.

"சகஜம், விடு" என்பவர்களிடம் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். மோதியிருந்தால் புலனாய்வாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு நொடியையும் அளந்திருப்பார்கள். மோதாததால் அதே பாடம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதைக் குப்பையில் போடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில், எழுதுபவரின் பெயரை ரகசியமாக வைத்துத் தகவல் வாங்க நாசா நடத்தும் திட்டம் 1976-லிருந்து இருக்கிறது. பிரிட்டனில் இப்படிப்பட்ட சம்பவங்களை மட்டுமே ஆராய ஏர்ப்ராக்ஸ் வாரியம் என்று தனி அமைப்பே இருக்கிறது. நீங்கள் பறக்கும் நாட்டிலும் விமானப் போக்குவரத்து அமைப்புக்கு எழுத வழி இருக்கும், உங்கள் பயிற்சி நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்திருக்கும். தண்டனை வாங்கிக் கொடுப்பதற்காக எழுதவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்றே எழுதுங்கள். நாளைக்கு உங்கள் நினைவு மற்றவர்கள் சொன்னதோடு கலந்துவிடும். நேரம், உயரம், திசை, சூரியன் எந்தப் பக்கம், கடைசியாக ரேடியோவில் கேட்டது என்ன, நீங்கள் சொன்னது என்ன. ஒரு படமும் வரையுங்கள். தூரத்தை மட்டும் ஒரே எண்ணாக எழுதாதீர்கள், பயந்தவன் கண் எப்போதும் குறைத்துத்தான் அளக்கும். "வாலில் எழுதியிருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது" என்பது போல எழுதினால் ஆராய்பவருக்குப் பயன்படும். பதிவுகள் கொஞ்ச நாளில் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கட்டுப்பாட்டாளர்களின் குரல் பதிவைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சர்வதேச நெறி, உங்கள் இடத்தில் டவர் இல்லாததால் அதுவும் இருக்காது. ஓடுபாதைப் பக்கம் கேமரா இருந்தாலோ, விமானங்களின் ஒலிபரப்பை யாராவது பதிவு செய்தாலோ இப்போதே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை பேஸில் பறக்கும்போது, திரும்புவதற்கு முன்னால் தலையை முழுக்க வலது பக்கம் திருப்பி, ஃபைனலின் நீளம் முழுவதையும் பார்த்து, "வலது பக்கம் ஃபைனல் காலி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலி இல்லை என்றால் திரும்பாதீர்கள்.

மற்ற விமானியைப் பார்த்துப் பேசலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேசுங்கள், பயிற்றுநரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிழல் பார்த்த அன்று நானும் இறங்கியதும் நேராக அந்த விமானத்திடம்தான் நடந்தேன், கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. வயதானவர், நிறைய மணி நேரம் பறந்தவர், எஞ்சினை அணைத்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தார். முந்தைய விமான நிலையத்தின் அலைவரிசையை மாற்ற மறந்திருந்தார், தன் அறிவிப்புகளை எல்லாம் அங்கேயே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு தாளில் அவருடைய பாதையையும் எங்கள் பாதையையும் வரைந்து காட்டினேன். இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார். நாங்கள் அங்கே இருந்ததே அதுவரை அவருக்குத் தெரியாது.